அரிசியிடம் அனுமதி கேட்டவள்

எங்கள் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி இல்லை. பன்னிரண்டுக்கு மேல் பதினான்கு. கட்டியவர்கள் ஓர் எண்ணுக்குப் பயந்திருக்கிறார்கள். பதினான்காம் மாடியில் குடியிருப்பதாக நான் ஒப்பமிட்டிருந்தாலும், நிலத்திலிருந்து எண்ணினால் என் வீடு பதின்மூன்றில்தான் இருக்கிறது. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் இதைச் சொல்லி ஒருவரையும் கவலைப்பட வைக்க என்னால் முடியவில்லை. கவலைப்பட்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டுக்கு வந்த கொரியாக்காரி. மின்தூக்கியில் வைத்து நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"பெயரை எடுத்துவிட்டார்களா? அந்த மாடியைக் கேட்டார்களா?"

அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. பின்னாளில் தன் கலைக் காட்சியறைச் சுவரில் என்னைப் பற்றி ஒரு வரி ஒட்டியிருந்தாள்: "எண்ணியவர், பக்கத்து வீட்டு முதியவர்." அவ்வளவுதான். நானும் அவ்வளவோடு நிறுத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரி.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். இங்கே வந்து, ஓய்வுபெறும்வரை ஒரு பண்டகசாலையில் பெட்டிகளை எண்ணினேன். இப்போது எண்ணச் சொல்லி ஒருவரும் சம்பளம் தருவதில்லை, ஆனாலும் நிற்கவில்லை. பேருந்தில் ஏறினால் தொப்பிகளை எண்ணுவேன். அதனால்தான், தரையைத் துடைப்பதற்காக மனைவி நடையில் வைத்த நான்கு சாப்பாட்டு மேசைக் கதிரைகளில் மூன்றுதான் திரும்பி வந்தன என்பது எனக்கு உடனே தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நான்காவது கதிரை உள்ளே தலைகீழாக நின்றது. கால்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைத் தொட்டில்போலக் கட்டி, அதில் ஏதோ பூஞ்சணத்தை வளரவிட்டிருந்தாள்.

"இது என்னுடைய கதிரை."

"ஓம். நல்ல கதிரை. கேட்டுவிட்டேன், அங்கிள்."

"யாரைக் கேட்டீர்?"

"கதிரையை."

"அது என்ன சொன்னது?"

"முதலில் மாட்டேன் என்றது. பிறகு சரி என்றது."

சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். 'அங்கிள்' என்று கூப்பிடக் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகளிடம் பழகியிருந்தாள். மற்றதெல்லாம் ஆங்கிலம். எங்கள் இருவருடைய ஆங்கிலமும் இரண்டு விதமாக நொண்டும். தமிழில் எழுதும்போது நொண்டல் மறைந்துவிடுகிறது. அந்த லாபம் அவளுக்குத்தான்.

நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "கதிரையைக் கேட்டாளாம்! எங்களைக் கேக்க வேண்டாமாம்!"

மனைவி துடைப்பத்தைப் பிழிந்தபடி சொன்னாள்: "உங்களைக் கேட்டிருந்தால் குடுத்திருக்க மாட்டியள். கதிரை குடுத்திட்டுது. பிறகென்ன?"

பக்கத்து வீட்டுக்காரியை மந்திரக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். தன் நாட்டில் நுண்ணுயிரியல் படித்து, ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். அவளுடைய பெரியம்மா ஒரு கடற்கரை ஊரில் உரு வந்து சாமியாடுபவர். செத்தவர்களை வழியனுப்பி வைப்பவர். குடும்பம் அதை வெட்கமாக நினைத்து மறைத்திருக்கிறது. இவள் இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு கனடாவுக்கு வந்து கலைஞர் ஆகிவிட்டாள். வீட்டுக்குள் நுணுக்குக்காட்டி ஒரு மூலையில், வாவித் தண்ணீர் வைத்த பித்தளைக் கிண்ணம் இன்னொரு மூலையில். எதற்கு முன்னால் கும்பிடுகிறாள், எதைத் துடைக்கிறாள் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் ஒரே பக்குவத்தோடுதான் தொடுவாள். சாம்பல் நிறத்தில் ஆண்கள் போடும் வேலை உடுப்பு, கொண்டையில் குத்திய பென்சில், கிட்டப் போனால் மதுசாரமும் வினாகிரியும் கலந்த ஒரு மணம்.

எதையும் தொட முன்னர் அனுமதி கேட்பாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். கறுப்புத் தட்டு ஒன்று, பக்கத்தில் ஒரு கிண்ணம் அரிசி. கேள்வியைத் தன் மொழியில் மெல்லச் சொல்லி, மூன்று விரலால் அரிசி கிள்ளித் தட்டில் எறிவாள். மணிகள் இரட்டைப்பட விழுந்தால் சம்மதம். ஒற்றை என்றால் மறுப்பு. கேட்டவர் எண்ணக் கூடாது. வேறொருவர்தான் எண்ண வேண்டும். ஆசையுள்ளவன் கண் ஒரு மணியை விட்டுவிடும் என்று பெரியம்மா சொல்வாராம். அதுவரை தன் படங்களைப் பார்க்க வருகிறவர்களைப் பிடித்து எண்ண வைத்தவள், பக்கத்தில் நான் இருப்பதைக் கண்டுபிடித்ததும் விடவில்லை. எனக்கும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, யாரோ என்னை எண்ணச் சொன்னது பிடித்திருந்தது.

ஆனால் ஒரு விஷயம் முதல் நாளே உறுத்தியது. ஒற்றை வந்தால் இன்னொரு தரம் கேட்கலாமாம். மூன்று தரம்வரை கேட்கலாமாம். எங்கள் ஊரிலும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். எடுத்த பூ எடுத்ததுதான். நான் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒற்றைக்கும் இரட்டைக்கும் சரிபாதி வாய்ப்பு என்றால், மூன்று தரமும் ஒற்றை விழுவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. மற்ற ஏழிலும் அவள் நினைத்ததே நடக்கும்.

"எட்டுக்கு ஏழு சம்மதம் வரும்படி கேட்பதற்குப் பெயர் அனுமதியல்ல," என்றேன்.

"ஒன்றும் கேளாமல் எடுக்கிறவர்களுக்கு எட்டுக்கு எட்டு, அங்கிள்," என்றாள்.

அந்தப் பதில் தந்த எரிச்சல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. அதன் பட்டையில் கம்பி பொருத்தி, மரத்துக்குள் ஓடும் மின்சாரத்தைச் சத்தமாக மாற்றிக் கேட்பது அவளுடைய திட்டம். மரம் இரண்டாம் தரம் சம்மதித்தது. அவள் கம்பியைப் பொருத்த, நான் நிலத்தில் குனிந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கட்டட மேலாளர் வந்தார்.

"யார் அனுமதி தந்தது?"

அவள் மரத்தைக் காட்டினாள். மேலாளர் என்னைப் பார்த்தார். எச்சரிக்கை எனக்குத்தான் வந்தது. கமெராவில் முகம் தெரிய நின்றது நான்தானே. அவள் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. ஒரு பட்டைத் துணுக்கை இழந்ததற்காக மரத்திடம் மட்டும் தலை குனிந்து நின்றாள்.

அதுதான் அவள். கல்லைக் கேட்பாள், வாவியைக் கேட்பாள், தட்டில் வளரும் கிருமியைக் கேட்பாள். மனிதரைக் கேட்க மாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மனிதர் பொய் சொல்வார்கள்," என்றாள். பிறகு, "அல்லது இல்லை என்பார்கள்," என்றாள்.

இன்னொரு நாள் மனைவி எனக்கு எதிரே இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் இருமல் கேட்டது. நெஞ்சு பலவீனப்பட்ட பிறகு விடியப்புறத்தில் அவளுக்கு வரும் இருமல். இரண்டு சின்னது, ஒரு நீளம், பிறகு ஓர் இழுப்பு. நான் போய்க் கதவை இடித்தேன். ஒலிவாங்கியைச் சுவரில் ஒட்டிப் பதிவு செய்திருக்கிறாள்.

"கேட்டுவிட்டேன், அங்கிள். சுவரை."

இந்த முறை மனைவியும் என் பக்கம் நிற்பாள் என்று நம்பினேன். அவள் சிரித்தாள். "இருமல்தானே. வைச்சிருக்கட்டும். எனக்கு உது தேவையில்லை."

மனைவிக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளோடு தமிழிலேயே பேசுவாள். அவள் கொரிய மொழியிலேயே பதில் சொல்லுவாள். இருவரும் அரிசி ஊறவைப்பதுபற்றி நெடுநேரம் வாதாடுவதை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் நிற்கும் எனக்கு மட்டும்தான் ஒன்றும் விளங்காது.

ஒரு நாள் அவள் சதுரமான கண்ணாடித் தட்டு ஒன்றோடு வந்தாள். அடியில் கடற்பாசியில் காய்ச்சிய கூழ் இறுகியிருந்தது. உள்ளங்கையை அதில் அழுத்தினால், கையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். சூட்டில் வைத்தால் கையின் வடிவத்திலேயே வளரும். மனைவியின் கை வேண்டுமாம். வழக்கம்போலத் தட்டை வைத்து, கேள்வியைச் சொல்லி, அரிசியை எறிந்தாள். நான் எண்ணத் தொடங்கினேன்.

"இஞ்சை பிள்ளை," என்றாள் மனைவி தமிழில், "கை என்னோடை இருக்கு. வாயும் கிட்டத்தான் இருக்கு. அரிசியை ஏன் கேக்கிறாய்?"

நான் எண்ணி முடிக்க முன்னரே வலது கையைக் கூழில் வைத்து அழுத்திவிட்டாள்.

இருபத்துமூன்று மணிகள். "ஒற்றை," என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மின்குமிழ் எரியும் பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கையை எடுத்து வந்து காட்டினாள். வெள்ளையும் மஞ்சளும் கிழங்கு நிறமுமாகப் பொட்டுப் பொட்டாக ஒரு கை. இளம் வயதில் உலக்கை நசுக்கியதால் உள்பக்கம் வளைந்துபோன சின்னவிரல் அப்படியே இருந்தது. மோதிரம் இருந்த இடத்தில் ஒரு வெற்று வளையம்.

"ஐயோ, என்ன ஊத்தை!" என்று மனைவி பதறினாள். "சோப்புப் போட்டெல்லோ கழுவினனான்!"

நான் மொழிபெயர்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஊத்தையல்ல. குடியிருப்பாளர்கள். உங்கள் கணவர் வர முன்னமே வந்தவர்கள்." அதையும் மொழிபெயர்த்தேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் இங்கே எழுதத் தேவையில்லை. கட்டைவிரலில் நாற்பத்தொரு பொட்டுகள் இருந்தன. எதற்கு எண்ணினேன் என்று தெரியாது.

இலையுதிர்காலத்தில் மனைவி செத்துப்போனாள். நெஞ்சுதான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுவரை வீடு நிறையச் சனம். ஒவ்வொரு காலையும் கதவடியில் மூடி போட்ட சட்டியில் கஞ்சி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தட்டிச் சொல்லவில்லை, எதிர்பார்த்து நிற்கவில்லை. அந்தக் கஞ்சிக்கு மட்டும் அவள் யாரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சனம் போன பிறகு வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். வெள்ளை வெளிச்சத்துக்குள் அந்தக் கை இருந்தது.

"தூங்குகிறது," என்றாள். "உயிரோடுதான் இருக்கிறது."

கட்டைவிரலை எண்ணினேன். நாற்பத்தொன்று. அவளுடைய சமையலறைத் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் இருந்து அழுதாள். இதை மறைத்துவிட்டு அவளைத் திட்டுவது நியாயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். கூழ் மெல்ல மெல்லக் காயும், சத்து முடியும். அப்போது கையைப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். அவித்துச் சுத்தப்படுத்திய வெல்வெற் துணியைப் பழைய தட்டில் மெதுவாக ஒற்றி, அதே துணியைப் புதுத் தட்டில் ஒற்றுவாள். உயிர்கள் இடம் மாறாமல் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தரமும் அரிசி, ஒவ்வொரு தரமும் நான். அவள் அந்தத் துணியை இறக்கும்போது மூச்சை அடக்குவாள். என் மூச்சும் நின்றுவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிக் காப்பாற்றினாள். ஆனால் ஒவ்வொரு ஒற்றலுக்கும் கை கொஞ்சம் கலங்கியது. மோதிர வளையம் மூடிக்கொண்டது. கட்டைவிரல் எண்ண முடியாதபடி ஒன்றாகிவிட்டது. சின்னவிரலின் வளைவு மட்டும் மிச்சம்.

ஒரு நாள், வாடகைக் கார் ஓட்டும் எதிர் வீட்டு ரக்சிக்காரர் என்னை நடையில் மறித்தார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், என்னை மாஸ்ரர் என்றே கூப்பிடுபவர்.

"மாஸ்ரர், உங்கடை மனுசியின்ரை கை என்ரை போனிலை வருது."

"என்ன விசர்க் கதை?"

"பாருங்கோ. உந்தச் சின்னவிரலை எனக்குத் தெரியாதே? அக்கா எத்தினை தரம் உந்தக் கையாலை சாப்பாடு தந்தவ."

காட்சியொன்றின் விளம்பரம். மேற்கே ஒரு பழைய தொழிற்சாலையில். தொடக்க நாளில் கலைஞர் அந்தக் கையை வழியனுப்பி வைப்பார் என்று போட்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஏன் என்னைக் கேட்கவில்லை?"

"கேட்டுவிட்டேன், அங்கிள். கையை."

"யார் எண்ணியது?"

"ஒரு நண்பர்."

"எத்தனையாம் தரம் சம்மதித்தது?"

கொண்டைப் பென்சிலை உருவித் திரும்பக் குத்தினாள். "மூன்றாம் தரம்."

வழியனுப்புவது என்றால் என்ன என்று கேட்டேன். ஆடி, முடிச்சுகளை அவிழ்த்து, பிறகு தட்டில் ப்ளீச் ஊற்றுவாளாம். நான் கத்தவில்லை. அவள்தான் பேசினாள். செத்தவர்களை நாற்பத்தொன்பது நாளில் அனுப்பிவிட வேண்டும், தான் என்மேல் இரக்கப்பட்டு நாளை இழுத்துவிட்டாளாம், கை களைத்துப்போய்விட்டது, பார்த்தாலே தெரியவில்லையா என்றாள். "நீங்கள் வாருங்கள். அங்கே திரும்பவும் கேட்பேன். நீங்கள்தான் எண்ண வேண்டும். மறுத்தால் உங்களிடமே தருவேன்."

எட்டில் ஒரு வாய்ப்பு. அதைத்தான் தந்தாள்.

நகரின் வடக்கே மில்லிக்கனில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்பா, உது அம்மா இல்லை," என்றாள். "அம்மாவின்ரை கையிலை இருந்த பக்டீரியா. அந்தியேட்டிக் கிரியையும் முடிஞ்சு, வருசம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடிஞ்சுது. நாங்கள் சாம்பலையே கரைச்சிட்டம். உதைப் போய் ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? அந்தப் பொம்பிளை சொல்லுறது சரி."

"அவ என்னைக் கேக்கேல்லை, பிள்ளை."

"கேட்டிருந்தால் விட்டிருப்பியளே?"

தாயின் வாய் அப்படியே. போனை வைத்துவிட்டேன்.

ரக்சிக்காரர் கூட்டிப் போனார். தொழிற்சாலைக் கூடம் நிறைய இளம் ஆட்கள் தரையில் இருந்தார்கள். நடுவில் கை, கீழிருந்து வெளிச்சம். கூரையிலிருந்து ஏழு முடிச்சுப் போட்ட நீள வெள்ளைத் துணி தொங்கியது. அவள் அதைப் பிடித்து ஆடத் தொடங்கினாள். சாம்பல் நிற வேலை உடுப்போடுதான். அவள் ஆடி நான் பார்த்ததில்லை. வேறொரு ஆள்போல இருந்தாள்; வயது கூடிய, பாரமான, பயப்பட வேண்டிய ஆள். ஒவ்வொரு முடிச்சாக உதறி அவிழ்த்தாள். அப்போது ஒலிபெருக்கியிலிருந்து, சுவர் அதிர, ஓர் இருமல் வந்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம், பிறகு ஓர் இழுப்பு.

ரக்சிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஏழாம் முடிச்சு அவிழ்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள். கறுப்புத் தட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். பக்கத்தில் ப்ளீச் குவளை. அரிசியை எறிந்தாள்.

பத்தொன்பது. "ஒற்றை."

இரண்டாம் தரம். பதினைந்து. "ஒற்றை."

பின்னாலிருந்து ரக்சிக்காரர், "மாஸ்ரர், வடிவா எண்ணுங்கோ," என்று தமிழில் சொன்னார். அவர் எந்தப் பக்கம் என்று இன்றுவரை தெரியாது.

மூன்றாம் தரம் அவள் கொஞ்சம் கூடுதலாகக் கிள்ளினாள். ஒவ்வொரு மணியாக விரலால் ஒதுக்கி எண்ணினேன். முப்பத்தொன்று.

"ஒற்றை."

அவள் குனிந்து என் காதுக்குள் சொன்னாள்: "பிழையாக எண்ணிவிட்டீர்கள், அங்கிள்."

என்னை எத்தனையோ விதமாக ஆட்கள் அவமதித்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் அவமதித்ததில்லை. தட்டை அவள் பக்கம் தள்ளினேன். கேட்டவர் எண்ணக் கூடாது என்றவள் தானே எண்ணினாள். உதடு அசைய இரண்டு தரம் எண்ணினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள், எல்லாக் கையிலும் போன். அவளுடைய மூன்று விரல்களும் திரும்ப அரிசிக் கிண்ணத்துக்குப் போயின.

நான் உள்ளங்கையை விரித்து அந்தக் கறுப்புத் தட்டை மூடினேன்.

"அரிசியைக் கேட்டு முடிந்தது," என்றேன். "இப்போது என்னைக் கேளும்."

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த இருமலுக்குப் பிறகு நான் களைத்துப்போயிருந்தேன். ஒருவேளை விட்டிருப்பேன். அவள் வாயைத் திறந்தாள். அந்தக் கேள்வி அவள் தொண்டைவரை வந்ததை நான் கண்டேன். வெளியே வரவில்லை. குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடித் தட்டை மூடி, இரண்டு கையாலும் ஏந்தி, இடுப்புவரை குனிந்து என்னிடம் தந்தாள்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாம் காட்சியின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

காரில் ஏறும்போது ரக்சிக்காரர் சொன்னார்: "அக்காவை மடியிலை வைச்சிருங்கோ, மாஸ்ரர். பெல்ற்றை ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுங்கோ." சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அப்படியே போட்டேன்.

அந்த மாதத்திலேயே அவள் வீட்டைக் காலி செய்து தன் நாட்டுக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு காலை என் கதவடியில் நான்காவது கதிரை நின்றது. கால்களைச் சுத்தமாகத் துடைத்திருந்தாள். இப்போது மேசையைச் சுற்றி நான்கு கதிரைகளும் இருக்கின்றன. இருப்பதற்கு ஆள்தான் ஒன்று.

கையைக் குளிர்ப்பெட்டியில் பழப்புளிக்கும் பாலுக்கும் நடுவே வைத்தேன். கூழ் காயத் தொடங்கியது. ஒற்றி எடுக்க எனக்குத் தெரியாது, வெல்வெற்றும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. விளிம்பு வெடித்து வந்த ஒரு மத்தியானம் அதை மேசைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். திறக்கக் கூடாது என்று தெரியும். திறந்து, என் வலது கையை அந்தக் கையின்மேல் வைத்தேன். அரிசி எறியவில்லை. ஒருவரையும் கேட்கவில்லை. கூழ் குளிராக, கொஞ்சம் ஈரமாக இருந்தது.

அன்று அதைத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. சில நாளில் தட்டு முழுவதும் நிறைந்துவிட்டது. என் விரல்கள் அகலம். மனைவியின் விரல்களைத் தாண்டி வளர்ந்திருந்தன. எது அவளுடைய பொட்டு, எது என்னுடையது என்று பிரித்து எண்ணப் பார்த்தேன். முடியவில்லை. பிறகு பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. மகள் வந்தபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு பையில் கட்டி எடுத்துப் போனாள். நான் தடுக்கவில்லை.

முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன மாதம் போனில் ஒரு செய்தி வந்தது. கொரியாவில் பெரியம்மாவின் கடற்கரை ஊரிலிருந்து எழுதியிருந்தாள். தொழிற்சாலைக்குப் போவதற்கு முதல் நாள் கையிலிருந்து இன்னொரு பிரதி ஒற்றி எடுத்திருக்கிறாள். அதைக் கொண்டுபோய், திரும்பத் திரும்பப் புதுத் தட்டுக்கு மாற்றி, இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறாள். கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேகம்போல ஒரு வடிவம். சின்னவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு வளைவு.

"அதை எடுத்தபோது உங்களைக் கேட்கவில்லை. அங்கிள், இப்போது கேட்கிறேன். இங்கே ஒரு சிறிய நெருப்பு மூட்டி, சாம்பலைக் கடலில் விட்டு, அவரை அனுப்பலாமா?"

இத்தனை காலத்தில் அவள் ஒரு மனிதரிடம் கேட்ட முதல் அனுமதி. கேட்டவர் அவள், ஆகவே நான் எண்ணலாம். வீட்டில் அரிசி இருந்தது. நான் எடுக்கவில்லை.

"வேண்டாம்," என்று எழுதினேன்.

ஒரு கிழமை கழித்துத் திரும்பக் கேட்டாள். அதே சொற்கள், ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை. அதற்கும் வேண்டாம் என்றே எழுதினேன்.

மூன்று தரம் கேட்கலாம் என்பது அவளுடைய முறை. மூன்றாம் கேள்வி இன்னும் வரவில்லை. இந்த முறை எட்டில் ஏழு என்று கணக்குப் போட என்னால் முடியவில்லை. காலையில் எழும்பியதும் போனைப் பார்க்கிறேன். நாலு கதிரையில் ஒன்றில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் பார்க்கிறேன்.